ரெக்கை கட்டினால் படகு பறக்குமா?

கடலோரக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹைட்ரோஃபாயில், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் மாட்டும் ரெக்கை பற்றித்தான். தண்ணீரை விட்டு எழும்பி ஓடும் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படகின் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது போல. காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நான் ராயபுரத்தில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருப்பவன். என் பதில் எரிபொருள் டேங்க் பக்கத்திலிருந்துதான் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: 9 மீட்டர் நீளமுள்ள இரட்டை ஹல் (அருகருகே இரண்டு உடல் கொண்ட) ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வருகிறது. பின்பக்கம் வெளியே மாட்டிய இரண்டு 115 எச்.பி. பெட்ரோல் அவுட்போர்டு இன்ஜின். வஞ்சிரம் தூண்டிலுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குத் தூண்டில் போட வருகிறவர்களை அழைத்துப் போகவும் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆள், பெட்ரோல், ஐஸ் எல்லாம் ஏறினால் 3 டன் வரும். 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) வேகத்தில் மணிக்கு 50 லிட்டர் குடிக்கிறது. இரண்டு ஹல்லுக்கும் நடுவில் ஃபாயில் போட்டுத் தருகிறேன், பெட்ரோல் பாதியாகிவிடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா? (காசிமேடு)

பதில்: பாதி ஆகாது அண்ணே. ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானாலே அது நல்ல ஃபாயில். கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன், விற்பவரை எதிரில் உட்கார வைத்து நீங்களும் ஒரு முறை போட்டுவிடுங்கள்.

25 நாட் வேகத்தில் உங்கள் படகு தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு ஓடும். சறுக்கி ஓடும் அடிப்பாகம் சுமக்கிற எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை இழுவையாகப் பிடித்து இழுக்கும். நாம் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 டன்னுக்கு 540 கிலோ இழுவை. நீங்கள் சொன்ன 50 லிட்டரும் இந்த 540 கிலோவைத் தள்ளத்தான் போகிறது. இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை, கணக்கு சரியாக ஒத்துப் போகிறது.

இப்போது ஃபாயிலைப் போடுவோம். அது தண்ணீருக்குள் கிடக்கும் இறக்கை. நன்றாகச் செய்த ஃபாயில், தாங்கிகளோடு சேர்த்து, தான் தூக்கும் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இழுவை தரும். ஒரு டன்னை அது ஏற்றுக்கொண்டால் அதற்கு இழுவை 80 கிலோ சொச்சம். ஹல்லுக்கு மிஞ்சுவது 2 டன், அதற்கு 360 கிலோ. கூட்டினால் 440. முன்பு 540 இருந்தது, 100 கிலோ குறைந்திருக்கிறது. மணிக்கு 9 லிட்டர் மிச்சம். 20 கடல் மைல் போய்த் திரும்பினால் 80 லிட்டர் செலவாகும் இடத்தில் 65 லிட்டர் ஆகும்.

பாதி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹோப்பே, இரட்டை ஹல் படகின் நடுவில் ஒரு பெரிய ஃபாயிலும் பின்பக்கம் இரண்டு சின்ன ஃபாயிலும் வைக்கும் அமைப்பை உருவாக்கினார். ஹைசூகேட் என்று பெயர். படகு முழுதாகப் பறக்காது, ஹல் தண்ணீரிலேயே இருக்கும், எடையில் ஒரு பகுதியை மட்டும் ஃபாயில் வாங்கிக்கொள்ளும். அந்த அமைப்புக்கு இழுவை 40 சதவீதம் வரை குறையும் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த ‘வரை’யைக் கவனியுங்கள். படகை வரையும்போதே ஃபாயிலையும் சேர்த்து வரைந்து, எடையைக் கட்டுக்குள் வைத்து, நல்ல வேகத்தில் ஓட்டினால் கிடைக்கிற கணக்கு அது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் படகின் அடியில் ஒரு ரெக்கையை போல்ட் போட்டு மாட்டிவிட்டு அதே 40ஐ எதிர்பார்க்கக் கூடாது. விற்பவர் அந்த 40ஐயும் 50 ஆக்கிவிட்டார், அது அவர் தொழில்.

இன்னொன்று. ஃபாயிலின் தூக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 25 நாட்டில் ஒரு டன்னைத் தூக்கும் ரெக்கை, 10 நாட்டில் 160 கிலோவைத்தான் தூக்கும். வஞ்சிரத்துக்குத் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஆறு ஏழு நாட்டில் நாள் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும்போது அது சும்மா அடியில் தொங்கும். இழுவை சின்னதுதான், ஆனாலும் உங்கள் பெட்ரோலில்தான் தொங்குகிறது.

என்னைக் கேட்டால், படகு நன்றாக இருந்தால் படகை மட்டும் வாங்குங்கள். ஃபாயிலுக்கு என்று சேர்த்த தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு தேவையில்லாத 300 கிலோவை இறக்கிவிடுங்கள். இருக்கும், தேடிப் பாருங்கள். பழைய வலை, உபரி நங்கூரம், ஹல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீர். 300 கிலோவில் 18 சதவீதம் 54 கிலோ. ஃபாயில் தருவதில் பாதியைப் பைசா செலவில்லாமல் எடுத்தாயிற்று.

கேள்வி: வேகம் கூடினால் ஃபாயில் இன்னும் அதிகமாகத் தூக்கும் என்றால், படகு மேலே மேலே போய்த் தண்ணீரை விட்டே குதித்துவிடாதா? இதை முதலில் செய்தது யார்? (எண்ணூர், கல்லூரி மாணவி)

பதில்: நல்ல கேள்வி பாப்பா. பெரியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

குதிக்காது. ஃபாயில் நீர்மட்டத்தை நெருங்க நெருங்க, அதன் மேலே இருக்கும் தண்ணீர்ப் படலம் மெலிந்துபோகும். ரெக்கையின் மேல்பக்கத்தில் அழுத்தம் குறைவதால்தான் தூக்கும் விசையில் பெரும்பகுதி பிறக்கிறது. மேலே தண்ணீரே இல்லாவிட்டால் அந்தப் பங்கு போய்விடும். ஃபாயிலின் அகலம் 35 சென்டிமீட்டர் என்றால், ஆழம் அந்த 35க்குக் கீழே வரும்போதே விசை தளர ஆரம்பிக்கும். படகு சற்று இறங்கும், இறங்கினால் விசை திரும்ப வரும். கம்ப்யூட்டரும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். ஹைசூகேட் மாதிரியான அமைப்பு நம்பியிருப்பது இதைத்தான். முழுதாகப் பறக்கும் படகுகளில் பல ஃபாயிலை ஆழத்தில் வைக்கின்றன. அங்கே இந்தத் தானியங்கி உதவி கிடைக்காது, அதனால் கோணத்தை நொடிக்குப் பல முறை மாற்றிக்கொண்டே இருக்க மின்னணுக் கட்டுப்பாடு தேவை.

ரொம்ப வேகமாகப் போனால் வேறு தொல்லை. 40, 45 நாட்டைத் தாண்டும்போது மேல்பக்க அழுத்தம் அவ்வளவு இறங்கி, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்துக் குமிழியாகும். கேவிடேஷன் என்று படித்திருப்பாய். குமிழி உடையும் இடத்தில் உலோகம் குழி விழும். பட்டறைக்கு வரும் பழைய புரொப்பெல்லர்களில் அம்மைத் தழும்பு போட்டது போலக் குழிகள் இருக்கும், அதில் பாதிக்குக் காரணம் இதுதான். ஒரு நாள் வந்தால் காட்டுகிறேன்.

முதலில் ஓட்டிக் காட்டியவர்களில் முக்கியமானவர் இத்தாலிக்காரர் என்ரிகோ ஃபோர்லானினி, 1906இல், மஜ்ஜோரே ஏரியில், மணிக்குச் சுமார் 68 கிலோமீட்டர் வேகத்தில். அப்புறம் தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவரும் கேசி பால்ட்வினும் சேர்ந்து செய்த எச்.டி.4 படகு 1919இல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டரைத் தொட்டது. ஏணிப் படிகள் மாதிரி அடுக்கடுக்காக ஃபாயில்கள். வேகம் கூடக்கூட மேல்படிகள் வெளியே வந்துவிடும், கீழ்ப்படிகள் மட்டும் சுமக்கும்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் தொழில் செய்கிறேன். படகுக்காரர் ஒருவர் படம் கொடுத்து ஃபாயில் செய்து தரச் சொல்கிறார். நடு இடைவெளி 1.6 மீட்டர். எந்த உலோகம், எங்கே வைப்பது, எவ்வளவு சாய்வு? (தண்டையார்பேட்டை)

பதில்: தம்பி, இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் எடை. 1.6 மீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம், நடுவில் 28 மில்லிமீட்டர் தடிமன், மேல்பக்கம் வில் போல வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. இதை ஸ்டெயின்லெஸ்ஸில் கட்டியாகச் செய்தால் 80 கிலோவுக்கு மேல் வரும். அலுமினியத்தில் 28 கிலோ. உள்ளே விலா வைத்து மேலே தகடு மூடி வெற்றாகச் செய்தால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் எடையைக் குறைக்கலாம். ஆனால் தகடு வெப்பத்தில் முறுக்கிக்கொள்ளும், அது உனக்கே தெரியும். நீ வெல்டு வைக்கும் வரிசைதான் அந்த ஃபாயிலின் தலையெழுத்து.

ஸ்டெயின்லெஸ் எடுப்பதானால் 316 ரகத்தை எடு, 304 ரகத்தின் பக்கமே போகாதே. 316ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. துறைமுகத்துக்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும் இடத்தில் சிப்பி ஒட்டிக்கொள்ளும். சிப்பிக்கு அடியில் ஆக்சிஜன் போகாது, அங்கே ஸ்டெயின்லெஸ்கூட ஊசிக்குத்து மாதிரி அரித்துவிடும். அலுமினியம் என்றால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு நேரடியாகத் தொடக் கூடாது, நடுவில் நைலான் வாஷர், பக்கத்தில் துத்தநாகக் கட்டி.

சாய்வைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஃபாயில் தண்ணீரைச் சந்திக்கும் கோணம் அரை டிகிரி மாறினால் தூக்கும் விசை சுமார் ஆறில் ஒரு பங்கு மாறும். 35 சென்டிமீட்டர் அகலத்தில் அரை டிகிரி என்பது எவ்வளவு தெரியுமா? முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு வாஷரின் தடிமன். அந்த 3 மில்லிமீட்டரில் 160 கிலோ ஏறும் அல்லது இறங்கும். இடது முனை ஒரு கோணம், வலது முனை வேறு கோணம் என்று வந்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஓடும். அதனால் இரண்டு முனைகளையும் ஹல்லோடு வெல்டு மாதிரி ஒரேயடியாகப் பொருத்தாதே. பின்பக்கத் துளையை நீளவாக்கில் வெட்டி, ஷிம் தகடு போட்டுக் கோணத்தை மாற்றும்படி வை. ஓட்டிப் பார்த்து, கரையேற்றி, ஒரு ஷிம் எடுத்து, மறுபடி ஓட்டிப் பார். எந்தப் பெரிய பட்டறையிலும் இதைத்தான் செய்வார்கள்.

இடம்: படகின் எடை மையத்துக்குச் சற்று முன்னால். பின்னால் இரண்டு சின்ன ஃபாயில் இருந்தால்தான் இந்த இடம் பொருந்தும். அவை இல்லாமல் முன்னால் தள்ளி வைத்தால் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கிக்கொண்டு நிற்கும். எடை மையத்துக்குப் பின்னால் போனால் அமரம் (பின்பக்கம்) தூக்கி அணியம் தண்ணீரில் குத்தும், அது இன்னும் ஆபத்து. எடை மையத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்பவரை நம்பாதே. படகைத் தூக்கும்போது முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் தனித்தனியாக எடை பார்த்துக் கணக்கிட வேண்டும். ஐஸ் பெட்டி நிரம்பியும் காலியாகவும் இரண்டு முறை.

கடைசியாக, ஃபாயில் ஒரு டன் தூக்கும் என்றால் அந்த ஒரு டன் ஃபைபர் ஹல்லின் இரண்டு பக்கச் சுவர்களில்தான் இறங்கும். அலையில் மோதும்போது இரண்டு மூன்று மடங்காகும். உன் வெல்டு தாங்கும், அவர் ஃபைபர் தாங்குமா? உள்பக்கம் தகடு வைத்து வலுப்படுத்த ஒரு படகு வடிவமைப்பாளரின் கையெழுத்தோடு வரைபடம் கேள். அது இல்லாமல் வேலையை எடுக்காதே. நாளைக்கு ஹல் பிளந்தால் வெல்டிங் சரியில்லை என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: ஏரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுக்கு ஃபாயில் போடலாமா? (பழவேற்காடு)

பதில்: வேண்டாம். முட்டளவுத் தண்ணீரில் படகு தரைதட்டும் ஏரி அது. வேகமும் கிடையாது. பறவை பார்க்க வருகிறவர்களுக்கு மெதுவாகப் போனால்தான் சந்தோஷம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு வேலைப் படகு ஓட்டுகிறார், இரட்டை ஹல் வேகப் படகு. அலையில் தூக்கித் தூக்கி அடித்து முதுகு போய்விட்டது. ஃபாயில் இருந்தால் குலுக்கல் குறையும் என்று படித்தேன். முதலாளியிடம் கேட்கலாமா? (ராயபுரம்)

பதில்: கேளுங்கள் தங்கச்சி. ஃபாயிலுக்காக வாதாட வேண்டுமென்றால் நான் இந்தப் படகுக்குத்தான் வாதாடுவேன். தினமும் ஒரே பாதை, வேகம் அதிகம், ஆள் தவிர ஏற்றுச் சுமை கிடையாது. எரிபொருள் மிச்சம் அங்கேதான் கணக்கில் தெரியும்.

குலுக்கலும் குறையும். ஹல் கொஞ்சம் உயர்ந்து ஓடுவதால் இரண்டு ஹல்லையும் இணைக்கும் மேல்தளத்தின் அடியில் அலை வந்து அடிப்பது குறைகிறது. முதுகை உடைப்பது அந்த அடிதான். தண்ணீருக்குள் கிடக்கும் ரெக்கை மேலும் கீழும் ஆடுவதையும் தடுக்கும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுப்பும் குறுகிய செங்குத்து அலையில் ஃபாயில் சில சமயம் வெளியே வந்து காற்றை இழுத்துக்கொள்ளும். தூக்கும் விசை சட்டென்று போகும், படகு பொத்தென்று விழும். அலையோடு சேர்ந்து கரை திரும்பும்போதும் கவனம் வேண்டும். பின்னாலிருந்து வரும் அலைக்குள் தண்ணீர் சுழலும் திசையால் ஃபாயிலின் கோணம் தலைகீழாக மாறி, தூக்குவதற்குப் பதில் அணியத்தைக் கீழே இழுக்கும். அப்போது வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர் கையில் சுக்கான் இருக்க வேண்டும். முதுகு பற்றி இன்னொரு வார்த்தை: ஸ்பிரிங் வைத்த இருக்கை ஃபாயிலை விட மலிவு. முதலாளியிடம் அதை முதலில் கேளுங்கள், உடனே கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் சாகிறோம். கொச்சியில் வாட்டர் மெட்ரோ ஓடுகிறதே, எண்ணூரிலிருந்து காசிமேட்டுக்கு ஃபாயில் வைத்த மின்சாரப் படகு விடக் கூடாதா? (திருவொற்றியூர்)

பதில்: ஆசை எனக்கும் உண்டு. கடல் வழியாக முகத்துவாரத்திலிருந்து காசிமேடு 12 கிலோமீட்டர்தான் வரும். 25 நாட் என்றால் கால் மணி நேரம். கொச்சிப் படகுகளின் வேகத்தில், அதாவது சுமார் 8 நாட்டில், முக்கால் மணிக்கு மேல். 2023 ஏப்ரலில் தொடங்கிய அந்தப் படகுகளும் இரட்டை ஹல்தான், நூறு பேர் ஏறலாம், கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை. காயலில் மெதுவாகப் போவதால் ஃபாயிலுக்கு அங்கே வேலையே இல்லை.

பேட்டரியில் வேகமாகப் போக வேண்டும் என்றால்தான் ஃபாயில் கட்டாயமாகிறது. டீசலோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ பேட்டரியில் இருக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். இழுவையைக் குறைக்காமல் பேட்டரியைக் கூட்டினால் எடை கூடும், எடை கூடினால் இழுவை கூடும். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமில் 2024இல் கேண்டெலா பி-12 என்ற மின்சாரப் படகு ஓடத் தொடங்கியது. 30 பேர் அமரலாம், ஃபாயில் மேல் முழுதாக எழும்பி 25 நாட்டில் போகும். ஆனால் அது தீவுகளுக்கு நடுவே காற்று அடங்கிய தண்ணீர். நமக்கு வாசலிலேயே வங்காள விரிகுடா. அலை உயரம் ஃபாயில் தாங்கியின் உயரத்தை மீறும் நாட்களில் அது பறக்க முடியாது, சாதாரணப் படகாகக் கீழே விழுந்துதான் ஓட வேண்டும்.

அதையும் சமாளிக்கலாம் என்று வையுங்கள். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலுக்குள் தள்ளும் பிளாஸ்டிக்கையும் அறுந்த வலையையும் என்ன செய்வது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலமே மிதந்தது. 25 நாட்டில் போகும் ஃபாயிலில் ஒரு முழம் நைலான் வலை சுற்றினால் தூக்கும் விசை அந்த நொடியே போய்விடும். தை, மாசி, பங்குனியில் முட்டையிட வரும் ஆமைகளும் அதே தண்ணீரில்தான் மிதக்கின்றன. படகு விடுவதற்கு முன்னால் முகத்துவாரத்தைத் தூர்வாரட்டும், குப்பையைத் தடுக்கட்டும். அதன்பின் சாதாரண இரட்டை ஹல் படகே 15 நாட்டில் விட்டால் லாரிகளை முந்திவிடும். சாலையின் நிலைமை அப்படி.

கேள்வி: அவுட்போர்டில் மாட்டும் பிளாஸ்டிக் ரெக்கை ஒன்று ஆன்லைனில் வருகிறது, அதையும் ஹைட்ரோஃபாயில் என்றுதான் விற்கிறார்கள். விலையும் குறைவு. அதைப் போட்டால் இந்த மிச்சமெல்லாம் கிடைக்குமா? (நெட்டுக்குப்பம்)

பதில்: இல்லை தம்பி, அது வேறு ஜாதி. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான பிளேட்டின் இரண்டு பக்கமும் அதை மாட்டுவார்கள். கிளம்பும்போது அமரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், படகு சீக்கிரம் சறுக்கத் தொடங்கும். அணியம் ஏறி ஏறி இறங்கும் ஆட்டம் இருந்தால் அதுவும் அடங்கும். அமரத்தில் எடை அதிகமாக உள்ள சின்னப் படகுக்கு உபயோகம்தான். மேல் வேகம் ஒன்றிரண்டு நாட் குறையலாம். படகின் எடையை அது சுமக்காது, அதனால் நான் மேலே போட்ட கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. முதலில் இன்ஜின் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது, டிரிம் கோணம், அதாவது இன்ஜினின் சாய்வு, எப்படி இருக்கிறது என்று பார். பெரும்பாலும் அதைச் சரிசெய்தாலே ஆட்டம் நின்றுவிடும், ரெக்கைக்குத் தேவை இருக்காது. அப்படியும் வாங்குவதானால், பிளேட்டில் துளை போடாமல் கிளாம்ப் வைத்து இறுக்கும் மாடலாகப் பார்த்து வாங்கு. துளை போடும் வகை என்றால் டிரில்லைக் கையில் எடுக்கும் முன் வாரன்ட்டி தாளைப் படி, துளையிட்ட இடத்தில் பெயின்ட் போன அலுமினியத்துக்கு உடனே பிரைமர் அடி.